எழுபத்தைந்து நிமிட யானை

இரண்டு கதவு. பின்னால்
இரண்டு மளிகைப் பை வைக்கலாம்,
மூன்றாவது பை மடியில்.
என் கார் அவ்வளவுதான்.
டுலூத்தின் செங்குத்துத் தெருக்களில்
பனிக்காலத்திலும் முக்கி முனகி ஏறிவிடும்.

அக்காள் கணவர் டுவேனிடம் பிக்கப் இருக்கிறது.
அதன் முதுகில் நான் பார்த்ததெல்லாம்
ஒரு மண்வாரி, உறைந்த மழைநீர்,
யாரோ தோற்ற தேர்தலின் அட்டை.
"எப்போதாவது தேவைப்படுமே" என்பார்.
அந்த எப்போதாவதுக்கு
மாதாமாதம் தவணை கட்டுகிறார்.

நான் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்:
ஏப்ரல், மெத்தை.
ஜூன், எட்டு மூட்டை மண்.
அக்டோபர், விறகு.
வருடத்தில் மூன்று நாள்.
மீதி நாளெல்லாம்
யானையைக் கட்டி
நான் ஏன் தீனி போட வேண்டும்?

இன்று நான்காவது.
இரும்புக்கடை வாசலில் பாவ் ஷியோங்
வண்டியைச் சுற்றி வந்து
பழைய காயங்களைப் படம் எடுக்கிறான்.
இந்தக் கீறல் உன்னுடையதல்ல,
இந்த நசுங்கலும் உன்னுடையதல்ல,
கையெழுத்துப் போடு.
எழுபத்தைந்து நிமிடம். பத்தொன்பது டாலர்.
பெட்ரோல் முள் இருந்த இடத்திலேயே
திரும்பி வர வேண்டும்.

ஏறி உட்கார்ந்ததும்
ஊர் என்னை அண்ணாந்து பார்த்தது.
ஒரு தபால் வண்டி எனக்கு வழிவிட்டது.
இதற்காகத்தான் வாங்குகிறார்கள் போல.

ஆரின் ஹால்வர்சன் கேரேஜைத் திறந்து வைத்திருந்தார்.
வெள்ளை உறைபெட்டி, முழு மான் ஒன்று அடங்கும்.
விலை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன்.
"ஒருத்தன் எத்தனை மான் தின்பான்?"
மூடியின் உள்பக்கம்
இன்னொருவர் கையெழுத்தில் ஒரு பட்டியல்:
விலா, தொடை, சூப்புக்கு எலும்பு.
அதைத் துடைக்கத் துணியை எடுத்தார்,
பிறகு துணியைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் இறக்கி முடித்தபோது
முப்பத்தொரு நிமிடம் மிச்சம்.
காலி வண்டி வாசலில் நிற்கிறது,
காசு கொடுத்த காலி.
மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன்:
"ஆர்டிஸ், ஏதாவது தூக்கணுமா?"

தூக்க வேண்டியிருந்தது.
இரண்டு வருடமாய் வராந்தாவை அடைத்துக்கொண்டு
ஒரு பச்சை சோபா.
குப்பைக் கிடங்கு ஐந்துக்கு மூடும்.
நாங்கள் போனது ஐந்து அடிக்க நான்கு நிமிடம்.
கதவை அன்று சீக்கிரமே பூட்டியிருந்தார்கள்.

அப்படியே ஏரிக்கரைக்கு விட்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்,
திரும்ப வேறு வழி இருந்தது.
பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி
வண்டியின் முதுகில் ஏறி
சோபாவில் உட்கார்ந்தோம், கோட்டை மூடிக்கொண்டு.
இரும்புத்தாது நிரப்பிய கப்பல் ஒன்று
ஒரு தெரு நகர்வதுபோல் நகர்ந்து போனது.
கப்பல் ஊதியது. பாலம் பதிலுக்கு ஊதியது.
சோபா லேசாய் அதிர்ந்தது.
ஆர்டிஸ் சொன்னாள்:
"அதை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருவார்களா?"

நாங்கள் சிரித்த சிரிப்புக்கு
நாய் கூட்டி வந்த ஒருவர்
தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

சோபாவை மறுபடி வராந்தாவில் ஏற்றிவிட்டு
எட்டு நிமிடம் தாமதமாய்ப் போனேன்.
பாவ் இன்னொரு ஐந்து டாலர் கேட்டான்.
புதுக் கீறல் இல்லை என்று எழுதிக்கொண்டான்.

என் காருக்குள் குனிந்து நுழைந்தபோது
முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.
கண்ணாடி முகத்துக்கு இவ்வளவு கிட்டேயா இருந்தது?
முதல் சிக்னல் வரைக்கும்
அகலமாகவே திருப்பினேன்.

ராத்திரி பட்டியலில் சேர்த்தேன்:
மார்ச், உறைபெட்டி.
அதன் கீழே, யோசித்துவிட்டு,
சோபா, ஐந்து டாலர்.
மேலே ஆர்டிஸ் நடக்கும் சத்தம்.
கிடங்கு சனிக்கிழமை ஆறு வரை
திறந்திருக்குமாம்.
நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.